பரோட்டா மாஸ்டர் பேசுகிறேன்

பட்டிமன்றத் தலைப்பு: மலைப்பிள்ளை மனசில் நிற்கும் முதல் தூண்டில், ஏரிக்கரையிலா ஓடைக்கரையிலா? ‘ஏரிக்கரையிலேயே’ அணியின் இரண்டாவது பேச்சு.

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். மேடைக்கு வணக்கம். கோத்தகிரிப் பெருமக்களுக்கு வணக்கம். குளிர் ஏறுது, அதனால வணக்கம் இத்தோட முடிஞ்சது.

எதிரணி அண்ணன் பத்து நிமிஷம் பேசினார். ஓடை சலசலக்குது, தண்ணி கண்ணாடியா ஓடுது, டிரவுட்டு மீனு துள்ளுதுன்னார். நல்லாத்தான் இருந்தது, நானே ரசிச்சேன். போற போக்கில ஒண்ணு சொன்னார் பாருங்க: “ஓடையில மீன் பிடிக்கிறது வேட்டை. ஏரியில உட்கார்ந்திருக்கிறவன் மைதா மாவை உருட்டி உருட்டிப் போடுறான். அவன் தூண்டில்காரன் இல்லை, பரோட்டா மாஸ்டர். பக்கத்துல அடுப்பு ஒண்ணுதான் குறைச்சல்.” நீங்களும் கைதட்டினீங்க. மூணாவது வரிசையில குல்லா போட்ட பெரியவர் எழுந்து நின்னே தட்டினார். நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன் ஐயா.

என் அணிக்காக எழுதிக்கிட்டு வந்தது நாலு பக்கம். இதோ மடிச்சுப் பையில வெச்சுட்டேன். இனிமே மாவு மட்டும்தான்.

முதல்ல ஒரு வீட்டுக்குப் போவோம். எமரால்டு அணைப் பக்கம். எந்த வீடுன்னு கேக்காதீங்க, அவங்க சொந்தக்காரங்க இந்தக் கூட்டத்துலயே இருப்பாங்க. வீட்டுல ஒரு தாத்தா, வாயில அஞ்சு பல்லு. ஒரு அம்மா. ஆறாம் வகுப்பு படிக்கிற ஒரு பையன். ஏப்ரல் மாசம், பள்ளிக்கூடம் லீவு. சனிக்கிழமை ராத்திரி பையன் அடுப்படியில உட்கார்ந்து இரை பிசையறான். எப்படிப் பிசையறான்னு கொஞ்சம் பார்த்துக்குங்க, பின்னாடி வேலை இருக்கு.

மைதா ரெண்டு பங்கு. கடலைப் புண்ணாக்கு ஒரு பங்கு, வெறும் சட்டியில வாசனை வர்ற அளவுக்கு வறுத்து, இடிச்சு, சலிச்சது. சலிக்காம போட்டா கட்டி இருக்கிற இடத்துல உருண்டை விண்டுபோகும். நல்லா கறுத்த வாழைப்பழம் ஒண்ணு. நாட்டுச்சர்க்கரை ரெண்டு ஸ்பூன். வெனிலா எசன்ஸ் நாலு சொட்டு. தண்ணியைக் கையில தெளிச்சுத் தெளிச்சுத்தான் பிசையணும், ஊத்தக்கூடாது. பழமே பாதி ஈரத்தைக் குடுத்துடும். கடைசியா முக்கியமான சாமான்: பஞ்சு. மெடிக்கல்ல விக்குற பஞ்சை இழை இழையாப் பிரிச்சு, மாவுக்குள்ள வெச்சுப் பிசையணும். அந்த இழைதான் தூண்டில் முள்ளைச் சுத்திப் பிடிச்சுக்கும். இல்லேன்னா அரை மணி நேரத்துல மாவு ஊறி, முள்ளை விட்டு நழுவிடும்.

பிசைஞ்சாச்சு. ஒரு எவர்சில்வர் டப்பாவுல போட்டு மூடி, மேடையில வெச்சுட்டுப் படுத்துட்டான்.

அந்த அம்மா என்ன பண்ணினாங்க? மறுநாள் காலையில சப்பாத்தி சுடணும்னு அவங்களும் மாவு பிசைஞ்சாங்க. எண்ணெய் விட்டு, உப்பு போட்டு. ஒரு எவர்சில்வர் டப்பாவுல போட்டு மூடி, அதே மேடையில வெச்சாங்க. ரெண்டு டப்பாவும் ஒரே கல்யாணத்துல வந்த மொய்!

(சிரிப்பு)

இருங்க, இன்னும் விடியலை. விடியக்காலை அஞ்சு மணி. பனி. கரண்டு இல்லை. பையன் கையில அகப்பட்ட டப்பாவை எடுத்துக்கிட்டு அணைக்கரைக்கு ஓடிட்டான். ஆறரைக்கு அம்மா எழுந்தாங்க. மிச்சம் இருக்கிற டப்பாவைத் திறந்தாங்க. ராத்திரி வெச்ச மாவு கொஞ்சம் கறுத்திருக்கு, சரி, மாவுன்னா கறுக்கும். உருட்டினாங்க. விரிச்சா ஓரம் கிழியுது. கிழியாம என்ன செய்யும்? புண்ணாக்கு மாவோட மாவா ஒட்டாது, மைதாதான் அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. விடலையே அவங்க! கையாலேயே தட்டி, கனமாச் சுட்டு, தாத்தா தட்டுல வெச்சுட்டாங்க.

தாத்தா ஒரு வாய் வெச்சார். “என்னம்மா, சப்பாத்தியில கேக்கு வாசனை அடிக்குது?”

“புது மாவு மாமா.”

ரெண்டாவது வாய். “இனிப்பா வேற இருக்கே?”

“மண்டி மாவு மாமா, கலப்படமா இருக்கும்.”

மூணாவது வாய். அஞ்சு பல்லுக்கு நடுவுல ஏதோ மாட்டிக்கிச்சு. இழுக்கிறார், வருது. இன்னும் இழுக்கிறார், இன்னும் வருது. “நூல் நூலா வருதேம்மா?”

“நார்ச்சத்து மாமா! டாக்டர் சாப்பிடச் சொன்னாருல்ல?”

தாத்தா நாலு சாப்பிட்டார் ஐயா. சாப்பிட்டுட்டு, “நாளைக்கும் இதே மாவுல சுடும்மா”ன்னுட்டு வெயில்ல போய் உட்கார்ந்துட்டார்.

குல்லா பெரியவரே, இப்பவும் எழுந்து நில்லுங்க. பரவாயில்லை, நான் காத்திருக்கேன்.

இது கதையில பாதிதான். மீதிப் பாதி அணைக்கரையில நடக்குது. பையன் கையில இருக்கிறது எண்ணெய் விட்ட சப்பாத்தி மாவு. மூங்கில் கழி பன்னிரண்டு அடி. கழி நீளத்துக்கு ஒரு முழம் கூட தங்கூஸ், அதான் நைலான் நரம்பு. எட்டாம் நம்பர் முள். எல்லாம் சரி. மாவைக் கொஞ்சமா எடுத்து முள்ளுல வெச்சு வீசினான். என்ன ஆச்சு? கழியைச் சுழட்டின வேகத்துல மாவு முதல்ல பறந்து போய் நாலு கஜம் தள்ளி விழுந்தது. முள் பின்னாடி வெறுங்கையோட போய் விழுந்தது. பஞ்சும் இல்லை, எண்ணெய் வழுக்கல் வேற, எது பிடிச்சுக்கும்? பையனுக்கு அது தெரியாது. வெறும் முள்ளைத் தண்ணிக்குள்ள வெச்சுக்கிட்டு ஒன்றரை மணி நேரம் தக்கையையே பார்த்துக்கிட்டு இருந்தான். இன்னிக்கும் எத்தனையோ பேர் இப்படித்தான் வெறும் முள்ளோட உட்கார்ந்திருக்காங்க.

ரெண்டாவது தடவை உஷாராயிட்டான். எலுமிச்சம்பழ அளவு உருண்டை, அழுத்தி, அமுக்கி, முள் வெளியவே தெரியாம. இந்தத் தடவை மாவு விழலை. கெண்டை வந்தது. வாயில வாங்கினது. பையன் வெடுக்குனு இழுத்தான். உருண்டை மட்டும் மீனோட வாயிலேயே நின்னுடுச்சு, முள் வந்துடுச்சு. முள்ளோட கூர் மாவுக்குள்ள புதைஞ்சிருந்தா அது மீனோட உதட்டைத் தொடாது ஐயா. சுண்டைக்காய் அளவு உருண்டை போதும். முள்ளோட வளைவுல உட்காரணும், கூர் மட்டும் அரிசி முனை அளவுக்கு வெளிய நிக்கணும். கெண்டை உதட்டுல பல்லே கிடையாது. பல்லு தொண்டையில இருக்கு. அதனால கடிக்காது. தண்ணியோட சேர்த்து உறிஞ்சும், ருசி பார்க்கும், பிடிக்கலைன்னா துப்பிடும். உறிஞ்சறதுக்கும் துப்பறதுக்கும் நடுவுல கிடைக்கிற ரெண்டு விநாடியிலதான் நம்ம பிழைப்பு.

மூணாவது தடவை என்ன ஆச்சுன்னா, மணி எட்டாயிடுச்சு, தண்ணி இன்னும் சில்லுன்னு இருக்கு. எண்ணெய் மாவு குளிர்ல இறுகிக்கிச்சு. குளிர்ல எண்ணெய் தடிச்சுட்டா வாசனையும் இனிப்பும் வெளிய சரியாக் கசியாது. கெண்டை கண்ணால தேடுறதை விட மீசையாலயும் மூக்காலயும் தேடுற மீனு. கசியாத இரை அதுக்குக் கல்லு. அதனாலதான் மலையில இரை பிசையறவங்க சர்க்கரையும் பழமும் போடுவாங்க, எண்ணெய்ப் பக்கம் போக மாட்டாங்க. பரோட்டாவுக்கு எண்ணெய் ஊத்தி ஊத்தி வீசணும். தூண்டிலுக்கு ஒரு சொட்டு விழுந்தா அன்னிக்குப் பொழுது போச்சு. இந்த வித்தியாசம் தெரியாம எங்களைப் பரோட்டா மாஸ்டர்ன்னு சொன்னா எப்படி அண்ணே?

நடுவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, வீட்டுப் பக்கக் கதை சொன்னேன், பையன் பக்கக் கதை சொன்னேன். மீன் பக்கக் கதை பாக்கி இருக்கு. அந்த அணையில இருக்கிற கெண்டை வாரா வாரம் வெனிலா போட்ட மாவு சாப்பிட்டுப் பழகின கெண்டை. அன்னிக்கு உப்பு போட்ட மாவு வருது. உறிஞ்சிப் பார்த்துட்டு என்ன சொல்லியிருக்கும்?

“என்னடா இது, குருமா எங்க?”

(கைதட்டல்)

பையன் பதினொன்றரைக்கு வெறுங்கையோட வீட்டுக்கு வந்தான். பசி. அம்மா மிச்சம் இருந்த ரெண்டு சப்பாத்தியைத் தட்டுல வெச்சாங்க. பிட்டான். வெனிலா வாசனை. இழுத்தான். பஞ்சு. இப்ப அவன் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. சொன்னா, “மைதாவைத் தொட்டது யாரு, புண்ணாக்கு எப்படி அடுப்படிக்கு வந்தது”ன்னு விசாரணை. சொல்லலைன்னா சாப்பிடணும். சாப்பிட்டான் ஐயா! அடுத்த சனிக்கிழமை ரெண்டு டப்பாவுலயும் காகிதம் ஒட்டிட்டான். ஒண்ணுல “மீன்”னு எழுதியிருந்தது. இன்னொண்ணுல “தாத்தா”.

இப்ப நான் கேக்கறேன். டிரவுட்டுக்குப் போடுற சுழலுற தகட்டுத் தூண்டிலை எந்தத் தாத்தா சாப்பிடுவார்? எந்த அம்மா தோசைக்கல்லுல போடுவாங்க? ஓடைக்குப் போற பிள்ளை வீட்டை விட்டுப் போகுது. ஏரிக்குப் போற பிள்ளை அடுப்படியையும் கூட்டிக்கிட்டுப் போகுது. தொட்டில்ல இருந்து தூண்டில் வரைக்கும் எல்லாம் வீட்டுச் சாமான். தக்கைக்கு மயிலிறகுத் தண்டு, கிடைக்கலைன்னா தேய்ஞ்ச ஹவாய் செருப்புல ஒரு துண்டு. ஆழம் பார்க்கப் பழைய பூட்டுச் சாவி.

சாவின்னதும் சிரிக்கிறீங்க. ஏரியில உட்கார்ந்தா சும்மா தூங்குறதுதான்னு அண்ணன் நினைச்சுட்டார். தூங்கிப் பார்க்கட்டும். சாவியை முள்ளுல மாட்டித் தண்ணியில விடணும். தக்கை முழுகிப்போச்சுன்னா ஆழம் அதிகம், தக்கையை மேல தள்ளணும். தக்கை படுத்துக்கிச்சுன்னா நரம்பு அதிகமா விட்டாச்சு, கீழ இறக்கணும். தக்கை நுனி மட்டும் நிமிர்ந்து நிக்கிற இடத்துல நிறுத்தி, சாவியைக் கழட்டணும். கரண்டு எடுக்கிற அணையில தண்ணி மட்டம் ஏறி இறங்கும், போன ஞாயித்துக்கிழமை வெச்ச அளவு இந்த ஞாயித்துக்கிழமை செல்லாது. தினமும் புதுசா அளக்கணும். மட்டம் இறங்கின கரையில மேல் மண்ணு காய்ஞ்சு கெட்டியாத் தெரியும், கால் வெச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போகும். கழியைக் குத்திப் பார்க்காம ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாதுன்னு பிள்ளைங்களுக்கு அங்கதான் சொல்லிக் குடுக்கணும், எத்தனை பேர் சொல்லிக் குடுக்கிறாங்கன்னு தெரியலை.

ஈயக்குண்டு முள்ளுக்கு நாலு விரல்கடை மேல, தரையைத் தொட்டும் தொடாமலும். ஏன் அங்க? கெண்டை தலையைக் குத்திக்கிட்டு இரையை எடுக்கும். எடுத்துட்டு நிமிரும். நிமிரும்போது ஈயத்தையும் சேர்த்துத் தூக்கும். தக்கையை நிமிர்த்திப் பிடிச்சிருந்ததே அந்த ஈயத்தோட கனம்தான், கனம் போனதும் தக்கை தண்ணி மேல சாஞ்சு படுத்துடும். புதுப் பிள்ளை என்ன பண்ணும்? தக்கை முழுகணும்னு காத்துக்கிட்டு இருக்கும். அதுக்குள்ள கெண்டை துப்பிட்டுப் போயிடும். படுக்கும்போதே இழுக்கணும். இழுத்தாச்சு, மீன் ஓடுது, அப்பத்தான் அடுத்த தப்பு: கழியை மீன் பக்கமா நீட்டிடுவாங்க. கழியும் நரம்பும் ஒரே கோட்டுக்கு வந்துட்டா மூங்கில் வளையாது, மொத்த இழுப்பும் முடிச்சுல விழும், பட்டுனு அறுந்துடும். கழி நுனி வானத்தைப் பார்க்கணும். கரைக்கு வந்ததும் வெறுங்கையால முதுகைப் பிடிக்கக்கூடாது. முதுகுத் துடுப்போட முதல் முள்ளு பல்லு பல்லா இருக்கும், விரலையும் கிழிக்கும், வலையிலயும் மாட்டிக்கும். வேட்டை ஓடையில மட்டும்தானா அண்ணே?

மாவு வேண்டாம்னு வெச்சுக்குவோம், நீலகிரியில உருளைக்கிழங்குக்கா பஞ்சம்? தோலோட வேக வைக்கணும், குண்டூசி இறங்கற பதத்துல எடுத்துடணும். ஆறினப்புறம்தான் அரை இஞ்சு சதுரமா வெட்டணும். வெட்டிட்டு வேக வெச்சா ஓரம் கரைஞ்சு கஞ்சியாகும். முள்ளை உள்ள விட்டு இழுத்து, வளைவுக்கும் கிழங்குக்கும் நடுவுல ஒரு துண்டு புல் தண்டு வெச்சுட்டா வீசும்போது கிழியாது. பொடி மீனுங்க மாவைக் கொத்தித் தீர்த்துடும், கிழங்கை ஒண்ணும் பண்ண முடியாது. பெரிய கெண்டை வர்ற வரைக்கும் கிழங்கு காவல் நிக்கும்.

சரி, அண்ணன் சொன்ன மத்ததுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லிடறேன், இல்லேன்னா தலைப்பை மறந்துட்டான்னு மார்க்கு குறைப்பாங்க.

“ஓடை இயற்கை, ஏரி வெள்ளைக்காரன் வெட்டினது”ன்னார். ஊட்டி ஏரியை 1823ல ஜான் சல்லிவன் ஆரம்பிச்சார், 1825ல முடிஞ்சது. ஒத்துக்கறேன். ஓடையில துள்ளுதே டிரவுட்டு, அது யாரு விட்டது? தொட்டபெட்டா மலை பெத்துப் போட்டதா? 1863ல ஃபிரான்சிஸ் டேன்னு ஒரு டாக்டர், இந்திய மீன்களைப் பத்திப் பெரிய நூல் எழுதினவர், டிரவுட்டை இந்த மலைக்குக் கொண்டுவரப் பார்த்தார். முடியலை. அப்புறம் 1907 வாக்குலதான் அவலாஞ்சியில பொரிப்பகம் வெச்சு, வெளிநாட்டு முட்டையைக் கொண்டுவந்து பொரிக்க வெச்சு, வானவில் டிரவுட்டை ஓடையில விட்டாங்க. ஏரி வெட்டி எண்பது வருஷத்துக்கு அப்புறம் வந்த மீனு அது. ஏரியை விட டிரவுட்டு ஜூனியர்! போதாததுக்கு, அப்பர் பவானி அணைத் தண்ணியிலயும் டிரவுட்டு இருக்கு. அணைன்னா நின்ன தண்ணி. அந்த டிரவுட்டு எங்க அணியைச் சேர்ந்தது.

ஊட்டி ஏரி நாறுதுன்னு சொன்னார். கோடப்பமந்து கால்வாய் வழியா ஊர்க் கழிவு அதுல கலக்கிறது உண்மைதான், அதை நான் மேடையில நின்னு மழுப்ப மாட்டேன். கெண்டை தாங்குது, பிராணவாயு குறைஞ்ச தண்ணியிலயும் அது உயிரைப் பிடிச்சுக்கும். தாங்குதுங்கிறதுக்காக ஊத்தலாமான்னு அது தனிப் பட்டிமன்றம். அதுக்கு நான் அண்ணனோட அணியிலேயே பேசறேன்.

ஓடைக்குப் பிள்ளைங்க எப்பப் போகும்? ஜூன்ல இருந்து ஆகஸ்ட்டு வரைக்கும் மேற்குப் பக்கம் மழை. 2019 ஆகஸ்ட்டுல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டினது, ஞாபகம் இருக்கா? ஓடையா அது, மலையே இறங்கி வந்தது. டிசம்பர், ஜனவரியில உறைபனி. பிள்ளைக்கு லீவு கிடைக்கிறது ஏப்ரல், மே. அப்ப ஓடை மெலிஞ்சு, தெளிஞ்சு கிடக்கும். டிரவுட்டு எப்பவும் வர்ற தண்ணியை எதிர்த்துத் தலை வெச்சு நிக்கும். பின்பக்கமா, கீழ இருந்து மேல, குனிஞ்சு, நிழல் தண்ணியில விழாம போகணும். கரையில காலைத் தடால்னு வெச்சா அந்த அதிர்வே போதும், அது பாறைக்கடியில போயிடும். பெரியவங்களுக்கே கஷ்டம். மூணு பசங்க சேர்ந்து போனா ஒருத்தன் தும்முவான், ஒருத்தன் வழுக்கி விழுவான், ஒருத்தன் விழுந்தவனைப் பார்த்துச் சிரிப்பான். அந்த நேரத்துல காட்டு மாடு தண்ணி குடிக்க வந்ததுன்னா கழியை அதுக்கிட்டயே குடுத்துட்டு வரவேண்டியதுதான். இத்தனைக்கும் முன்னாடி வனத்துறை அனுமதி, மீன்வளத்துறைச் சீட்டு. ஆனா அதே ஏப்ரல், மேயில ஏரித் தண்ணி வெதுவெதுப்பாகும், கெண்டை ஓரத்துக்கு வரும், சேத்தைக் கிளறும், குமிழி குமிழியா மேல வரும். பிள்ளையோட லீவும் கெண்டையோட பசியும் ஒரே மாசத்துல வருது. இதை விட என்ன சாட்சி வேணும்?

ஐயா மணியில கை வெச்சுட்டார். ரெண்டே நிமிஷம் ஐயா. இதைச் சொல்லாம இறங்க மாட்டேன்.

நம்ம ஏரிகள்ல இருக்கிற கண்ணாடிக் கெண்டையைப் பார்த்திருப்பீங்க. உடம்பெல்லாம் செதில் இருக்காது. முதுகோரமும் நடுக்கோட்டுலயும் மட்டும் பெருசு பெருசா, அங்கொண்ணு இங்கொண்ணு மின்னும். அந்த மீனு இந்த மலைக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1939ல, சிலோன்ல இருந்து. ஊட்டி ஏரியில விட்டாங்க. அங்கிருந்துதான் மத்த தண்ணிக்கெல்லாம் போச்சு. டிரவுட்டு முட்டையும் சிலோன்ல இருந்து வந்ததுதானேன்னு அண்ணன் கேப்பார். வந்தது, நியூசிலாந்துல இருந்தும் வந்தது. அண்ணே, ஒரு நிமிஷம் கணக்குப் பார்க்காம கேளுங்க.

சிலோன்ல இருந்து வேற யாரு வந்தாங்க? 1964ல சிலோன் பிரதமர் சிறிமாவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும், அங்க இருந்த தோட்டத் தமிழர்கள்ல ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பறதுன்னு கையெழுத்துப் போட்டாங்க. ஹட்டன்லயும் பதுளையிலயும் நுவரெலியாவுலயும் நாலு தலைமுறையாத் தேயிலை பறிச்ச சனம் மூட்டையைக் கட்டிக்கிட்டு தலைமன்னார்ல கப்பல் ஏறினது. ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம்ல பதிஞ்சு, ரயில் ஏறி, பஸ் ஏறி, கடைசியில இந்த மலைக்கு வந்தது. அவங்களுக்காகத்தான் 1968ல அரசாங்கத் தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சாங்க, அதுதான் இன்னிக்கு டான்டீ. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, நம்ம கோத்தகிரி. இங்க உட்கார்ந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு அப்பாவோ தாத்தாவோ அந்தக் கப்பல்ல வந்தவங்க.

அந்தத் தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல, ஒரு அப்பா. எந்த லயம்னு கேக்க வேண்டாம், எல்லா லயத்துலயும் இருந்தாங்க. ஆறு நாள் பெரட்டுக்கு, அதான் காலையில பேர் குடுத்து வேலைக்கு, போவார், ஒரு நாள் லீவு. பேச மாட்டார். கப்பலைப் பத்திப் பேச மாட்டார், முகாமைப் பத்திப் பேச மாட்டார். விட்டுட்டு வந்த வீட்டைப் பத்தி, அங்க புதைச்ச அம்மாவைப் பத்தி, பேச மாட்டார். பையன் கேட்டா, “போய்ப் படி”ம்பார். ஞாயித்துக்கிழமை மட்டும் பையனைக் கூட்டிக்கிட்டு தண்ணிக்குப் போவார். ரெண்டு மூங்கில் கழி, ஒரு டப்பா மாவு. மாவை உருட்டி மகன் முள்ளுல அவரே வெச்சுக் குடுப்பார். அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்திருப்பாங்க. ஒரு மணி நேரம் ஆகும், ரெண்டு மணி நேரம் ஆகும். தக்கை படுக்கும், மகன் இழுப்பான், கண்ணாடிக் கெண்டை கரைக்கு வரும். அந்த மீனைக் கையில வாங்கிப் பார்த்துட்டு அந்த மனுஷன் வாயைத் திறந்து ஒண்ணே ஒண்ணு சொல்வார்: “இது நம்ம ஊர்லயும் இருந்துச்சுடா.”

அவ்வளவுதான் ஐயா. தன் ஊரைப் பத்தி மகன்கிட்ட அவர் பேசினது அவ்வளவுதான். அது மகன் காதுல விழுந்தது எங்க? நின்ன தண்ணிக் கரையில விழுந்தது. ஓடைக்கரையில உட்கார்ந்திருந்தா, அண்ணன் பத்து நிமிஷம் வர்ணிச்சாரே சலசலப்பு, அந்தச் சத்தத்துல மகனுக்கு இது கேட்டிருக்குமா? மீன் எந்தத் தண்ணியில நல்லாக் கடிக்கும்னா தீர்ப்பு சொல்லப் போறோம்? எந்தத் தண்ணியோரம் அப்பா பக்கத்துல உட்கார்ந்தார்னுதானே தலைப்பு?

தலைப்பு அது இல்லைன்னு ஐயா தலையாட்டுறார். இல்லைதான். இருந்தாலும் நான் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன்.

அடுத்துப் பேச வர்ற எதிரணி அக்காவுக்கு ஒரே ஒரு கேள்வி. பொரிப்பகம், அனுமதிச் சீட்டு எல்லாம் விட்டுடுங்க. இந்தக் கூட்டத்துல சிலோன்ல இருந்து வந்த குடும்பத்துக்காரங்க கையைத் தூக்கச் சொல்லுங்க. உங்க அப்பா உங்களை முதல்ல தூண்டில் போடக் கூட்டிக்கிட்டுப் போனது எங்கன்னு, மைக்கை அவங்ககிட்டயே குடுத்துக் கேளுங்க. அவங்க ஓடைன்னு சொன்னா தீர்ப்பை நீங்களே எடுத்துக்குங்க. வணக்கம்.